தகரப் பெட்டியும் அடைமழையும்

இலங்கையில் மழை மிகுந்து பெய்யும் பகுதிகளுள் இரத்தினபுரி மாவட்டமும் கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவுகளும் அடங்கும். இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அங்கே வானம் வெளுப்பதே அரிது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 90ஐத் தாண்டுவது இயல்பு. உப்புச் சாடியில் உப்பு நீராகும். தோற்செருப்பில் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சணம் படரும். இத்தகைய மண்ணிலே கடதாசி ஒன்றை 50, 60 ஆண்டுகள் கெடாமற் காப்பது எளிதன்று. ஆயினும் சபரகமுவ மாகாணத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் அதைச் செய்தாக வேண்டியிருந்தது. அவர்களுடைய வாக்குரிமையும் நாட்டுரிமையும் சிறிது காலம் கடதாசித் துண்டுகளையே நம்பி நின்றன.

மேல்நாடுகளிலே விளையாட்டு வீரர்களின் உருவம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்போர் பலர் உளர். அவ்வட்டைகளைத் தரம் பார்ப்போரிடம் கொடுத்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் பெற்று, பிளாத்திக்குக் கூட்டிலிட்டு, வெப்பமும் ஈரமும் அணுகாத பெட்டிகளிற் பூட்டி வைக்கின்றனர். மூலை சற்று மழுங்கினாலும் விலை குறைந்துவிடும் என்பதே அவர்களுடைய கவலை. தோட்டத்து மக்கள் காத்த அட்டைகளுக்குச் சந்தை விலை இல்லை. ஆனால் மூலை மழுங்குவதால் அன்றி, ஓர் எழுத்து அழிவதால் ஒரு குடும்பமே நாடற்றதாகக் கூடிய நிலை இருந்தது. ஆதலின் இவ்வரலாறு பொழுதுபோக்கின் வரலாறு அன்று.

சபரகமுவ தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1889ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே அங்கே கோப்பித் தோட்டங்கள் தோன்றிவிட்டன. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயர்ந்த சரிவுகளில் தேயிலை வந்தது. யட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, றுவான்வெல்லை, எகலியகொடை போன்ற தாழ்ந்த மலைகளில் இறப்பர் வேரூன்றிற்று. அவிசாவளையிலிருந்து புகைவண்டிப் பாதையின் கிளை 1903இல் யட்டியாந்தோட்டைக்கும், மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கைக்கும் எட்டியது. அந்தச் சிறிய வண்டியிலே தேயிலைப் பெட்டி கீழே இறங்கியது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் மேலே ஏறினார்கள்.

அவ்வாறு வந்தவர்களின் கையில் முதன்முதலிற் கொடுக்கப்பட்ட அடையாளம் கடதாசி அன்று, தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறைப்படி, தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரவட்டு ஒன்று ஆளுக்கு ஒன்றாக வழங்கப்பட்டது. அதைக் கழுத்திற் கட்டிக்கொண்டவர் முகாமில் தங்கி, கப்பலும் வண்டியும் ஏறி, உரிய தோட்டத்தை வந்தடையலாம். வழிச்செலவு முழுவதும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். மழையைப் பற்றி அஞ்சாத அடையாளம் அது. ஆனால் அதில் ஆளின் பெயர் இல்லை. எண் மட்டுமே இருந்தது. மனிதர் யார் என்பதை அது சொல்லவில்லை, அவர் எவருக்கு உரிய சரக்கு என்பதையே சொல்லிற்று. அந்த வட்டுகளை இன்று அருங்காட்சிப் பொருளாகத் தேடிச் சேர்ப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்து வந்தது துண்டு. இது கடதாசி. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவர்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றத் தோட்டங்களுக்குச் செல்வார். கூடுதலான முன்பணம் தருபவரிடம் கடனும் ஆளும் சேர்ந்து கைமாறும். துண்டு தொலைந்தால் வேறிடம் போக வழியில்லை. துண்டு நனைந்து தொகை மங்கினால் வழக்கு வம்பு. எனவே தோட்டத்தில் கடதாசியைப் பொத்திக் காக்கும் பழக்கத்தை முதலிற் கற்றவர்கள் கங்காணிகளே என்று கூறலாம். 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடதாசியின் ஆட்சி அத்துடன் ஒழிந்ததாகக் கருதிவிடலாகாது.

1923ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றத் தொழிலாளர் சட்டமும், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் தோட்டக் கணக்குகளை நெறிப்படுத்தின. செக்றோல் என்னும் பேர்க்கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாள் பதியப்பட்டது. தோட்டத்துப் பிறப்பும் இறப்பும் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே பதிவாளருக்கு அறிவிக்கப்பட்டன. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை எப்படி உச்சரித்தாரோ, அலுவலகத்துக் கிளாக்கர் எப்படி ஆங்கில எழுத்தில் அமைத்தாரோ, அதுவே பெயராயிற்று. முத்தம்மாள் ஓரிடத்தில் முத்தம்மா, மற்றோரிடத்தில் முத்தாயி. தந்தை பெயர் ஒரு கடதாசியில் இராமன், இன்னொன்றில் இராமசாமி. ஊரிலே யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆளை ஆளறியும்போது எழுத்துக்கு என்ன வேலை? ஆனால் எழுத்துக்கு வேலை வரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தக் காலத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசை ஆவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தன் பிறப்பை நிறுவுவது ஒருபுறம் இருக்க, தந்தையின் பிறப்பையும் கடதாசியால் நிறுவ வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து, காம்பராவில் இறந்த ஒரு தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்?

அதற்கு மாற்றாக வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். மணமானவர் 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையையும், அதன்பின் விண்ணப்ப நாள் வரை தொடர்ந்து வதிந்தமையையும் நிறுவினால், பதிவுப் பிரசையாகலாம் என்றது அது. விண்ணப்பக் கெடு 1951 ஆகத்து 5ஆம் திகதி. இலங்கை இந்தியன் காங்கிரசு தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணிக்குமாறு கூறி, பின்னர் விண்ணப்பிக்குமாறு மாற்றிக்கொண்டது. ஆதலின் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. 1964 வரையிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

மறுக்கப்பட்டவை யாவும் கடதாசி கெட்டமையால் மறுக்கப்பட்டவை அல்ல. வருமானம், மனைவி மக்கள் உடன் வதிந்தமை, இடையிலே இந்தியா சென்று வந்தமை எனப் பல காரணங்கள் எடுத்தாளப்பட்டன. எனினும் ‘இடையறாத வதிவு’ என்பதை எதனால் நிறுவுவது? செக்றோல் தோட்டத்து அலுவலக அலுமாரியில் இருந்தது. அதைத் தொழிலாளி கேட்டுப் பெற முடியாது. அவர் கையில் இருந்தவை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், வைத்தியசாலைச் சீட்டு, போர்க்காலத்தில் அரிசிப் பங்கீட்டுக்குக் கொடுத்த கூப்பன் புத்தகம், ஊர் சென்று திரும்பிய பயணச் சீட்டு ஆகியவை. சாதாரணக் குடும்பம் கூப்பன் முடிந்ததும் அட்டையை எறிந்துவிடும். தோட்டத்துக் குடும்பம் அதை எறிந்துவிட்டுப் பின்னர் வருந்தியது. அல்லது எறியாமல் வைத்துப் பயன் கண்டது.

இவ்வுரிமைப் போராட்டத்தில் கேகாலை மாவட்டத்துக்குத் தனிப்பட்ட ஓரிடம் உண்டு. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதார்க்கு வாக்கில்லை என்றது. றுவான்வெல்லைத் தேர்தற் பிரிவின் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம், குறித்த சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானவை எனக் கருதி, பெயரைச் சேர்க்குமாறு முடிவு செய்தார். உதவிப் பதிவு அலுவலர் முதநாயக்க அதனை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றார். 1951இல் உயர்நீதிமன்றம் அம்முடிவை நீக்கிற்று. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கும் சென்றது. தன் குடிகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்துக்கு இயல்பாக உரிய கடமை என்று கூறி, 1953இல் அந்த மன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளியது. களனி கங்கைக் கரையின் சிறு பட்டினம் ஒன்றில் ஒரு தனி மனிதரின் பெயரைப் பற்றி எழுந்த வினா, இன்றும் சட்டம் பயிலும் மாணவர்கள் படிக்கும் தீர்ப்பாக நிலைத்துவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப்பின், சட்டத்தை மாற்ற வழியில்லாதவர்களுக்குக் கடதாசியைக் காப்பது ஒன்றே எஞ்சியது.

எப்படிக் காத்தார்கள் என்பதை இனி நோக்கலாம். லயம் என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களின் வரிசை. மேலே தகரக் கூரை, முன்னே இஸ்தோப்பு. நண்பகலிலே கூரை காய்ந்து அறை அடுப்பாகும். பிற்பகலில் மழை அடித்ததும் சட்டெனக் குளிரும். கடதாசிக்கு இதைவிடக் கொடிய இடம் தேடினாலும் கிடைக்காது. ஏனெனில் வெப்பத்தைக் காட்டிலும் ஈரத்தைக் காட்டிலும், அவ்விரண்டும் மாறி மாறி வருவதே அதனை மிகுதியாக வருத்தும். கடதாசி தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். காற்று உலர்ந்தால் தானும் உலர்ந்து சுருங்கும். நாள்தோறும் வீங்கிச் சுருங்கும் நார்கள் மடிப்புக் கோடுகளிற் கிழிகின்றன. பழைய சான்றிதழ் எதை எடுத்துப் பார்த்தாலும், அது நான்காக மடித்த கோட்டிலேதான் பிளந்திருக்கும்.

கடதாசியின் உள்ளேயே ஒரு பகையும் உறைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழாற் செய்த மலிவான கடதாசியில் படிகாரம் சேர்ந்த பசை இடுவது வழக்கமாயிற்று. அதில் அமிலம் உண்டு. அமிலமும் ஈரமும் வெப்பமும் கூடினால், கடதாசியின் உடலாகிய செலுலோசு இழைகள் துண்டு துண்டாக அறும். வெப்பம் 10 பாகை ஏறினால் இத்தகைய மாற்றம் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகும் என்பது வேதியியலார் கொள்ளும் கணக்கு. கந்தையாலான பழைய தாளில் எழுதிய 200 ஆண்டு முந்திய ஒல்லாந்தர் ஏடு இன்னும் வெண்மையாக இருக்க, 1940களின் கூப்பன் அட்டை பழுத்துப் பொடிவதற்கு இதுவே காரணம்.

எழுதிய மையும் ஒரே தன்மையது அன்று. பதிவேடுகளில் வழங்கிய இரும்பு மை நீருக்கு அஞ்சாது, ஆனால் நாளடைவில் தாளையே அரித்துவிடும். இரப்பர் முத்திரையின் ஊதா மையும், காப்பிங் பென்சிலால் எழுதிய எழுத்தும் ஒரு துளி நீர் பட்டாலே கசிந்து ஓடும். அலுவலர் கண்ணுக்கு முதலிற் படுவது முத்திரையே. மழையிற் கரைவதும் முதலில் அதுவே.

பூஞ்சணத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65ஐத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாவிட்டால், தாளிலுள்ள பசையையும் மாவையும் உண்டு பூஞ்சணம் வளரும். இதை இறப்பர்த் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தவர் எவர்? அவர்கள் வெட்டிய பாலை உறையவைத்து, உருளையில் வரிவிழ அழுத்தி, தகடாக்கி, புகைக்கூடத்திலே நாட்கணக்காகத் தொங்கவிடுவார்கள். அந்தப் புகையே தகட்டைப் பூஞ்சணத்திலிருந்து காக்கிறது. புகைத்த தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புள்ளியும் குமிழும் பூஞ்சணமும் கணக்கிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பர். தரம் பிரிக்கப்பட்ட அட்டைகளைப் பற்றி முதலிற் கூறினோம். சபரகமுவத்துத் தொழிலாளி தன் வாழ்நாள் முழுவதும் தரம் பிரிக்கப்பட்ட தகடுகளுடன் பழகியவர்.

ஆகவே அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் கடதாசிப் பெட்டியை வைப்பது அறியாமையால் வந்த வழக்கம் அன்று. விறகடுப்பின் சூடும் புகையும் அவ்விடத்தை உலர்வாக வைத்தன. பூச்சியும் கரையானும் அங்கே அண்டவில்லை. குறையும் உண்டு. புகைக்கரி தாளை மஞ்சளாக்கும். ஓயாத சூடு அதை முறுகச் செய்யும். ஆனால் பூஞ்சணம் ஒரே பருவத்தில் அழிப்பதைச் சூடு அழிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். இரண்டு கேடுகளில் மெதுவானதை அவர்கள் தேர்ந்தார்கள். இன்றைய காப்பகவியல் அறிந்த ஒருவரும் அந்தக் காம்பராவில் அதைவிடச் சிறந்த இடத்தைக் காட்டியிருக்க முடியாது.

பெட்டியோ பெரும்பாலும் தகர டிரங்குப் பெட்டி. கரையானுக்கும் எலிக்கும் தகரம் நல்ல அரண். ஆனால் ஈரத்துக்கு அது அரைகுறைக் காவல்தான். பகலில் சூடேறிய பெட்டிக்குள் இருக்கும் காற்று, இரவு குளிரும்போது தான் தாங்கிய ஈரத்தைத் தகரத்தின் உட்புறத்தில் பனித்துளியாக விட்டுவிடும். தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் நனைந்து, துருக்கறை படியும். கடதாசியை நேரே பெட்டியில் இடாமல், பழைய பருத்தித் துணியிற் சுற்றி நடுவில் வைத்தவர்களின் தாள்கள் பிழைத்தன. துணி அந்த ஈரத்தைத் தான் குடித்துக்கொண்டது. வேப்பிலை, வசம்பு, கற்பூரம் ஆகியவற்றை இட்டதும் உண்டு. ஏட்டுச் சுவடி காத்த தமிழ் மரபின் தொடர்ச்சி அது. இவை பூச்சியை விரட்டும், ஈரத்தை விரட்டா. வறுத்த அரிசியையோ அடுப்புக்கரியையோ துணியில் முடிந்து வைத்தால் ஈரம் சிறிது குறையும். ஆனால் அவை நிறைவாக உறிஞ்சியதும் மாற்றப்படல் வேண்டும். ஆடிக்கு முன்னொரு முறை, தைக்குப் பின்னொரு முறை பெட்டியைத் திறந்து, நிழலிலே தாள்களை விரித்து ஆற்றியெடுக்கும் வீடு, மருந்தில்லாமலே பாதி நோயைத் தீர்த்துவிட்ட வீடு. வெயிலில் நேரே காயவைத்தல் தவறு, மை வெளுத்துவிடும்.

இத்தனை செய்தும் சில பகைகளுக்கு எதிரே தகரப் பெட்டி ஒன்றுமே செய்ய முடியவில்லை. களுகங்கையின் வெள்ளம் அவற்றுள் ஒன்று. 1947 ஆகத்து மாத வெள்ளம், 2003 மே 17ஆம் திகதி வெள்ளமும் மண்சரிவும், 2017 மே மாத வெள்ளம் என்பன இரத்தினபுரி மக்கள் நாளெண்ணிச் சொல்லும் நாட்கள். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கையில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுப்பிட்டியப் பகுதியின் களுப்பான தோட்டத்து லயமும் மண்ணுள் புதைந்தது. உயிர்களை இழந்த இடத்தில் கடதாசியைப் பற்றிப் பேசுவது கூச்சம் தருவது. ஆனால் எஞ்சியவர் நட்டஈடு கேட்கவும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும் சான்றிதழையே முதலிற் கேட்கிறார்கள்.

மற்றொரு பகை தீ. 1977இலும், 1981 ஆகத்திலும், 1983 சூலையிலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலும் லயங்கள் எரிந்தன. அடுப்புப் புகையிலும் அடைமழையிலும் தப்பிய தாள்கள் அந்த நெருப்பிலே போயின. தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள், தாம் எங்கே பிறந்தோம் என்பதைக் காட்டும் சீட்டு இல்லாமலே அங்கே குடியேறின.

இதனிடையே 1964 ஒற்றோபர் 30ஆம் திகதி சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இருநாடும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியா செல்லத் தெரிந்தவர்க்குக் கடவுச்சீட்டும், மறுவாழ்வு உதவிக்குக் குடும்ப அட்டையும் வழங்கப்பட்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைச் சேர்ந்தவர்களின் கையில் இருந்த மிக விலைமதிப்புள்ள பொருள் அந்த அட்டையே. கடல் உப்புக் காற்றில் அதை எண்ணெய்த் தாளில் மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு சென்ற பெண்கள் எத்தனையோ பேர். 1984இல் அக்கப்பற் சேவை நின்றது. அப்பொழுதும் தோட்டங்களிற் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த பலர் இங்கேயே தங்கிவிட்டனர். நாட்டுரிமை இல்லாதிருந்தோர்க்கு 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் படிப்படியாக இலங்கைப் பிரசாவுரிமை வழங்கின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு, பாட்டனின் பிறப்பைத் தேடி நிற்கும் பழைய நிர்ப்பந்தம் அகன்றது.

கடதாசிக்கும் உரிமைக்கும் உள்ள இந்தத் தொடர்பு இலங்கைக்கு மட்டும் உரியதென்று நினைப்பது பொருந்தாது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கரிபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்து சென்றவர்களின் இறங்குதுறை அட்டைகளை அந்நாட்டு உள்துறை 2010இல் அழித்துவிட்டது. தாம் வந்த ஆண்டை நிறுவ முடியாமல் பலர் வேலையையும் மருத்துவ உதவியையும் இழந்தமை 2018இல் வெளிப்பட்டு, பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அங்கே பூஞ்சணமும் இல்லை, கரையானும் இல்லை, அலுவலகமே கரையானாயிற்று.

இன்றைய தோட்டத்து வீட்டிலே நிலைமை சற்று மாறிவிட்டது. 1972இல் தொடங்கிய தேசிய அடையாள அட்டை, படத்தோடு பிளாத்திக்குப் படலத்திற் பொதிந்து வந்தது. 2017 முதல் முழுவதும் பிளாத்திக்காலான அட்டை வழங்கத் தொடங்கினர். இதைக் கண்டு, பிறப்புச் சான்றிதழையும் கடைக்காரரிடம் கொடுத்துச் சூடேற்றி லமினேற் செய்துவிடுவோர் பலர். அது நன்மை போலத் தோன்றும் தீமை. சூட்டிலே முத்திரை மை பரவுகிறது. ஒட்டுப்பசை நாளடைவில் மஞ்சளாகிறது. உள்ளே சிறிதளவு ஈரம் இருந்தாலும் அது வெளியேற வழியின்றி அங்கேயே தாளைத் தின்கிறது. ஒருமுறை ஒட்டியதைப் பிரித்தெடுக்க இயலாது. புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950களில், சூட்டியந்திரம் இல்லாமல், செலுலோசு அசெற்றேற்றுப் படலத்தை அசெற்றோன் தொட்டுக் கையாலே ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். அம்முறையும் இப்பொழுது கைவிடப்பட்டு வருகிறது. ஒட்டாமல், உறையில் இடுவதே நன்றென்று காப்பகவியலார் ஒப்புகின்றனர். மலிவான பீவீசி உறை மெல்ல மெல்ல அமிலம் கக்கி எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். பொலியெசுத்தர் அல்லது பொலிப்புறொப்பிலீன் உறை அவ்வாறு செய்யாது. இரண்டு பக்கம் திறந்த உறையில் மடிக்காமல் வைத்த சான்றிதழை, சிலிக்காக் கட்டி இட்ட மூடியுள்ள பெட்டியில், சுவரையும் கூரையையும் தொடாத உயரத்தில் வைத்தால் போதும். கட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் அதைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி இடலாம்.

மூலம் அழிந்தாலும் பிரதி பெற வழி இருக்கிறது. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பதிவே இல்லாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ஆனால் பதிவேட்டில் தேடுவதற்குப் பதிவிலக்கமும் திகதியும் பதிவுப் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாதபோது, ஊகித்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியதாகும். பெயர் முத்தம்மாளா முத்தாயியா என்ற பழைய தொல்லையும் அங்கே மறுபடி எழும். ஆதலால் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களிலும் சில வீடுகளில், சான்றிதழைப் பெட்டியில் வைத்து, அதன் பதிவிலக்கத்தையும் திகதியையும் வேறொரு தாளில் எழுதி, மற்றொரு உறவினர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கின்றனர். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பிவைப்போரும் உண்டு. பெயர்கள் இரண்டு கடதாசிகளில் வேறுபட்டிருந்தால், அவ்வேறுபாட்டையும் அதே தாளின் அடியில் எழுதிவிடுகின்றனர்.